ஊர் பேரைச் சரியாகச் சொன்ன பெண்

“நாக்கை மேலே கொண்டு போம்மா. ஆனா எங்கேயும் ஒட்டக் கூடாது” என்றேன்.

லிபிகா என் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பாதி திறந்து நாக்கை மடக்கினாள். வெளியே சிக்னலில் மாட்டிக்கொண்ட வேளச்சேரி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கடைக்குள் புது ஒயர் சுருளின் வாசனை.

“ராஜ… கீல்… பாக்கம்.”

“கீல் இல்லம்மா. கீல்னா கதவுக்குப் போடறது.”

“கீள்?”

“கிட்ட வந்துட்டே. இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கு.”

பல்பு வாங்க வந்த ஆட்டோ சேகர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். “இன்னா பாய், கடைல டியூஷன் நடந்துகினு கீது?”

ஊர் பேரைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன்.

“அதுக்கு இன்னாத்துக்கு அம்மாம் கஷ்டப்படணும்? ராஜகீப்பாக்கம்னா போதாது? நான் பொறந்ததுலேர்ந்து அப்டித்தான் சொல்லிகினு கீறேன்.”

“நீ வாடகைக்கு வீடு தேடலையே சேகரு” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். லிபிகா சிரிக்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த வாரம்தான் இந்தத் தொடரை முதலில் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் காதர். தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்தில், சிக்னல் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கூடவே வீடு பிடித்துக் கொடுக்கிற வேலை. புரோக்கர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. என் வீட்டுக்காரிக்குத்தான் வரும். லிபிகா ஒடிசாவிலிருந்து வந்த நர்ஸ். இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். பாலேஸ்வரில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். அப்பா தவறிப்போய் ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கடந்திருக்கவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வீடு வேண்டும். ஹாஸ்டலில் அம்மாக்களுக்கு இடமில்லை.

வீடு ஒன்று இருந்தது. அதற்குள் போக இந்த ழகரத்தைத் தாண்டியாக வேண்டியிருந்தது.

எல்லா ஊரும் திருவில் தொடங்கினால்

எங்கள் பக்கத்து ஊர் பேர்களை வெளியூர்க்காரர்கள் படுத்துகிற பாட்டை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டு வளர்ந்தவன். சோழிங்கநல்லூர் அவர்கள் வாயில் ஷோலிங்கநல்லூர். இரும்புலியூரை இரும்பு தனி, லியூர் தனி என்று வெட்டிப் போடுவார்கள். பள்ளிக்கரணையைச் சொல்லும்போது பள்ளியும் இருக்காது, கரணையும் இருக்காது. இப்போது செல்போனில் வழி சொல்கிற அம்மா ஒருத்தி வந்துவிட்டாள். அவள் எங்கள் ஊரை “ராஜ்கில்பகம்” என்கிறாள். அதுவும் எவ்வளவு நம்பிக்கையாகச் சொல்கிறாள் தெரியுமா, கேட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒருமுறை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றிவந்த வடநாட்டு லாரி டிரைவர், திருவான்மியூர் கடற்கரையில் போய் நின்றுகொண்டு போன் செய்தாராம். தகடு வாங்க வேண்டிய பட்டறைக்காரர் என் வாடிக்கையாளர். “எல்லா ஊருக்கும் முன்னாடி ஒரு திரு போட்டு வெச்சா அந்த மனுஷன் எந்தத் திருவைக் கண்டான்?” என்று அவரே டிரைவருக்காகப் பரிந்து பேசினார். அன்று அந்த டிரைவருக்குப் பட்டறையில் பிரியாணிப் பொட்டலம் கிடைத்தது.

புரோக்கர்கள் இந்த விஷயத்தில் யோக்கியர்கள் இல்லை. வண்டலூர் தாண்டிக் காடு மாதிரி கிடக்கிற மனையையும் தாம்பரம் என்றுதான் சொல்வோம். நாவலூருக்கு உள்ளே எவ்வளவு தூரம் போனாலும் அது கம்பெனிகள் வரிசையாக நிற்கிற ஓ.எம்.ஆர். சாலைதான். வாயில் நுழையாத பேரைச் சொன்னால் ஆள் வரமாட்டான்.

இதையெல்லாம் லிபிகாவிடம் சொல்லி ஒருநாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம், “எங்க ஊரையும் எல்லாரும் பாலசோர்னு சொல்றாங்க, பாய். அது பாலேஸ்வர்” என்றாள். நானும் அதுவரை பாலசோர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது? அவளுடைய வார்டில் படுத்திருந்த பெரியவர்களுக்கு லிபிகா வாயில் வரவில்லை. லில்லி என்று கூப்பிட ஆரம்பித்து, ஆஸ்பத்திரி முழுக்க அவள் லில்லி சிஸ்டர் ஆகிவிட்டாள். யாராவது கேட்டால் அவளே லில்லி என்றுதான் சொல்வாள். எதிரே இருப்பவர் கஷ்டப்பட வேண்டாமே என்று அவளுக்கு.

கிரேஸ் டீச்சரின் ஒரே கேள்வி

வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். சிலர் சாப்பாடு கேட்பார்கள், சிலர் சாதி கேட்க வழி தேடுவார்கள். கிரேஸ் டீச்சர் அதெல்லாம் கேட்கமாட்டார். போனில் ஒரே ஒரு கேள்விதான்: “எந்த ஊர்ல வீடு வேணும்?”

எதிர்முனையில் இருப்பவர் ராஜ்கில்பாக்கம் என்றால் முடிந்தது. “வீடு போயிடுச்சுங்க” என்று போனை வைத்துவிடுவார். கேட்டில் டு-லெட் பலகை ஆடிக்கொண்டிருக்கும்.

டீச்சர் வில்லி இல்லை. அதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் நடத்தியவர். ஒழுங்காக ழகரம் வராத என்னை வகுப்பு முடிந்ததும் நிறுத்திவைத்து, “நாக்கை மேலே கொண்டு போ காதர், எங்கேயும் ஒட்டாதே” என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கணவர் தவறிவிட்டார். மகன் கனடாவில். மாடியில் டீச்சர், கீழ்வீடு வாடகைக்கு. முன்னால் குடியிருந்த வெளியூர்ப் பையன்கள் ஒருநாள் சாவியைக்கூடக் கொடுக்காமல் கிளம்பிப் போனார்கள். டீச்சர் பயந்துவிட்டார். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கேள்வி. “பேச்சைக் கேட்டா ஆள் தெரியும் காதர்” என்பார்.

எனக்கு இந்த ‘வீடு போயிடுச்சு’ ரொம்பப் பழக்கம். கல்யாணமான புதிதில் வீடு தேடியபோது போனில் என் பேரைச் சொன்னதும் எத்தனையோ வீடுகள் போயிருக்கின்றன. “தப்பா நினைச்சுக்காதீங்க பாய்” என்று ஒரு வார்த்தை கூடச் சேர்ப்பார்கள். பிறகு பேரைச் சொல்லாமல் “கடை வெச்சிருக்கேங்க” என்று மட்டும் சொல்லப் பழகினேன். நேரில் போய் நின்று, முகத்தைப் பார்த்த பிறகு, பாதிப் பேருக்காவது இல்லையென்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் எனக்கு முதல் வீடு கிடைத்தது.

லிபிகாவுக்கும் அதே வழிதான் என்று நினைத்தேன். தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும். வலிக்குதா, சாப்பிட்டீங்களா, பயப்படாதீங்க என்று நாளெல்லாம் பேசிப் பேசி வந்த தமிழ். ஊர் பேர்தான் இடித்தது. அதை மட்டும் சரிசெய்துவிட்டால் டீச்சர் நேரில் கூப்பிடுவார். நேரில் ஒருதடவை இந்தப் பெண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

பாலேஸ்வரில் ஒரு பாடம்

கொஞ்ச நாளில் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடு நேராகக் கடைக்கு வந்தாள். முக்காலியில்கூட உட்காரவில்லை.

“ராஜகீழ்ப்பாக்கம்” என்றாள்.

சுத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, “உங்களைவிட நல்லா சொல்றா” என்றாள். உண்மைதான்.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவுக்கு போன் செய்வாளாம். கடையில் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். தான் டியூட்டியில் இருக்கும்போது அம்மா தனியாகக் கடைக்குப் போனால், வழி தவறினால், யாரிடமாவது ஊர் பேரைச் சொல்ல வேண்டுமே என்று. அம்மாவுக்குத் தமிழில் வேறு ஒரு வார்த்தையும் தெரியாது.

“அம்மா சமைக்கும்போது சொல்லிக்கிட்டே இருக்காங்க, பாய். பக்கத்து வீட்டுக்காரங்க என்ன மந்திரம்னு கேட்டாங்களாம்.”

மறுநாள் என் கடையிலிருந்தே டீச்சருக்கு போன் போட்டாள். நான் கல்லாவில் கையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்குப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

“எந்த ஊர்ல வீடு வேணும்?”

“ராஜகீழ்ப்பாக்கத்துல டீச்சர்.”

டீச்சரின் குரல் எனக்கே கேட்டது. “எவ்வளவு அழகா சொல்றேம்மா. இப்பல்லாம் யாரு இப்படிச் சொல்றா? எங்கேயோ நல்ல டீச்சர்கிட்ட படிச்சிருக்கே. பேரு என்ன?”

“லில்லி, டீச்சர். நர்ஸா இருக்கேன். நானும் அம்மாவும் மட்டும்தான்.”

“நாளைக்கே வாம்மா. போர்டைக் கழட்டிடறேன். வேற யாருக்கும் காட்டலை.”

போனை வைத்ததும் லிபிகா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள். எனக்கு ஒடியா தெரியாது. பாய் என்றால் உருது தெரியும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கு உருதும் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க எனக்குப் புரிந்தது. நடுநடுவே ராஜகீழ்ப்பாக்கம் வந்தது. அன்று ராத்திரியே அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

கேட்டுக்கு உள்ளே பலகை

டீச்சர் சொன்ன மாதிரியே பலகையைக் கழற்றியிருந்தார். கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. கீழ்வீட்டை அன்று காலையில்தான் கழுவிவிட்டிருந்தார்கள். வாசல் இன்னும் ஈரமாக இருந்தது, பினாயில் வாசனை வந்தது.

லிபிகா மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். கையில் ஆப்பிள் பொட்டலம்.

டீச்சர் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். முகம் மலர்ந்துதான் வந்தது. கடைசிப் படியில் நின்று லிபிகாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“நீதான் லில்லியாம்மா? நீ எந்த ஊரு?”

“ஒடிசா, டீச்சர். பாலேஸ்வர்.”

“ஓ” என்றார் டீச்சர். அந்த ஓவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறேன் அதை.

“நான் நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு நினைச்சுட்டேன்” என்று என்னிடம் சொன்னார். “நீயாவது சொல்லியிருக்கலாமே காதர்.”

“நீங்க ஊர் பேர் மட்டும்தானே டீச்சர் கேட்டீங்க. அதைச் சரியா சொன்னாளே. நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அது. அப்படியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.”

டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமில்லை. கீழ்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே, “நேத்து ராத்திரிதான் பையன் பேசினான். வர்றேன்கிறான். கீழ வீடு அவனுக்கு வேணும் போல இருக்கு. அதனால… வீடு போயிடுச்சு” என்றார்.

நான் எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். லிபிகா என் சட்டைக் கையைத் தொட்டாள். “பரவாயில்ல டீச்சர்” என்றாள். நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல். ஆப்பிள் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

சிக்னல் வரைக்கும் நடந்தோம். டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

“பாய், நான் சரியாத்தானே சொன்னேன்?”

“ரொம்பச் சரியா சொன்னேம்மா.”

“அப்புறம் ஏன்?”

வீடு பிடித்துக் கொடுக்கிறவன் நான். இந்த ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவள் கேட்டதற்கு, டீக் காசை எண்ணிக்கொண்டு நின்றேன். பத்திக்கொண்டு வந்தது. டீச்சர் மேலா, என் மேலா, இந்த ஊர் மேலேயேவா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கப் போகும்போது பார்த்தேன். பலகை மறுபடி கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு

வேறு வீடு தேடாமல் இல்லை. செம்பாக்கத்தில் பார்த்தேன், மேடவாக்கத்தில் பார்த்தேன். ஓரிடத்தில் மீன் சமைப்பாயா என்றார்கள். ஓரிடத்தில் ஆம்பளைத் துணை இல்லையா என்றார்கள். கடைசியில் மாடம்பாக்கம் பக்கம் ஒருவர் சரி என்றார். நல்ல மனுஷர், நல்ல வீடு. அதைச் சொல்லப் போனபோது லிபிகாவுக்கு மனசு விட்டுப் போயிருந்தது. அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். “ஊருக்கே போயிடறேன், பாய். அங்க வேலை கிடைக்கும்” என்றாள்.

ஊருக்குப் போகிற ரயிலைப் பிடிக்க அவள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போது நானும் சேகரும் போயிருந்தோம். சேகர் ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. “இன்னாமா, பேஜார் புடிச்ச ஊரு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத” என்றான். வண்டி நகரும்போது அவள் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

அப்புறம் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவளிடமிருந்து போன் வரும். பாலேஸ்வரிலேயே வேலை. அம்மாவோடு இருக்கிறாள். இந்தப் பெருநாளுக்கும் வந்தது. ஆனால் அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இன்னொரு போன் வந்திருந்தது. டீச்சரிடமிருந்து.

“காதர், போர்டு கட்டின கம்பி துருப்பிடிச்சு அறுந்து போச்சு. வந்து கட்டிக் கொடுத்துட்டுப் போறியா?”

பெருநாள் தொழுகை முடித்து, வீட்டில் பிரியாணிக்கு முன்னால் ஓர் எட்டு போய்ப் பார்த்தேன். டீச்சருக்கு வயது தெரிந்தது. மகன் இதுவரை வரவில்லை. கீழ்வீடு அதற்குப் பிறகு சரியாக யாருக்கும் அமையவில்லை. ஜன்னல் கம்பியில் சிலந்தி வலை. செம்பருத்தி மட்டும் காடாக வளர்ந்திருந்தது.

“ஊர் பேரெல்லாம் இப்ப கேக்கறதில்ல” என்றார் மாடிப்படியில் உட்கார்ந்தபடி. “யாரா இருந்தாலும் சரி காதர். கீழ ஒரு குக்கர் சத்தம் கேட்டாப் போதும்.” அப்புறம், “அந்த நர்ஸ் பொண்ணு எங்க இருக்கா? அவளுக்கு இன்னும் வீடு வேணுமா?” என்றார்.

பதில் சொல்வதற்குள் என் சட்டைப்பையில் போன் அடித்தது. லிபிகாதான். பலகையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தேன்.

“ஈத் முபாரக், பாய்.”

வாழ்த்துச் சொன்னேன். மனசு கேட்கவில்லை, டீச்சர் கேட்டதையும் சொன்னேன். வீடு காலியாக இருக்கிறது, இன்றைக்கே வரலாம் என்றேன்.

“அம்மாவுக்கு முட்டி போயிடுச்சு, பாய். வாசப்படியே தாண்டறதில்ல. இனிமே எங்க?” என்றாள். அவள் குரலில் கசப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“இன்னொண்ணு சொல்லணும்” என்றாள் மெதுவாக. “அம்மாகிட்ட நான் உண்மையைச் சொல்லவேயில்ல. நமக்கு முன்னாடி வேற ஒரு குடும்பம் வந்து அட்வான்ஸ் கொடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். அம்மா இதுவரைக்கும் அதைத்தான் நம்பறாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். போனைக் கொடுக்கறேன்.”

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஒரு இருமல். பிறகு, நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண்ணின் குரல், இந்த ஊருக்கு ஒருநாளும் வந்திராத குரல், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னது.

“ராஜகீழ்ப்பாக்கம்.”

எங்கேயும் ஒட்டாத ழகரம். டீச்சர் இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் செம்பருத்திச் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த அம்மா ஒடியாவில் என்னவோ கேட்டார். லிபிகா பக்கத்திலிருந்து தமிழில் சொன்னாள்: “அந்த வீட்டுக்கு வந்தவங்க நல்லவங்களான்னு கேக்கறாங்க. வீட்டை நல்லா வெச்சிருக்காங்களான்னு கேக்கறாங்க.”

ஒரு கையில் போனும் ஒரு கையில் டு-லெட் பலகையுமாக நின்றேன்.

“நல்லவங்கதாம்மா” என்றேன். “வீட்டை நல்லா வெச்சிருக்காங்க.”